பலாலிக்கு இரண்டரை நாழிகை

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் வான்வழித் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். திருச்சிக்குச் சென்னையைவிடப் பலாலி அண்மையிலுள்ளது. பலாலிக்குக் கொழும்பைவிடத் திருச்சி அண்மையிலுள்ளது.

நிலப்படத்தில் இத்தூரம் என்றும் ஒன்றே. ஆனால் அதைக் கடக்க ஆகும் நேரம் ஒன்றாக இருந்ததில்லை. காற்றைப் பார்த்துப் பாய் விரித்த காலத்தில் அது நாள்கணக்கு. டகோட்டா விமானம் பறந்த காலத்தில் மணிக்கணக்கு. பின்னர் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் நேர்வழியே இல்லாமற் போயிற்று. இன்று மீண்டும் ஒரு மணி நேரம். நம் பழைய கணக்கில் இரண்டரை நாழிகை. தூரம் மாறாதிருக்க நேரம் மட்டும் இவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்ததன் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் காண முனைகிறோம்.

நாழிகைவழி

தூரத்தை நேரத்தால் அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். அந்நேரத்துள் ஒருவர் நடந்து கடக்கும் தூரத்தை 'நாழிகைவழி' என்றனர். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர்க்குக் கேட்கும் எல்லை 'கூப்பிடுதூரம்' ஆயிற்று. காதம் என்னும் பேரளவு ஏறத்தாழப் பத்து மைல் என்பர்; அதுவும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். மேடும் பள்ளமும் ஆறும் காடும் குறுக்கிடும் நாட்டில் கோல் கொண்டு அளந்த தூரத்தைவிட, நடந்து சேர்வதற்கு ஆகும் நேரமே வழிப்போக்கனுக்குப் பயன்பட்டது. 'எவ்வளவு தூரம்?' என்று கேட்டவனுக்கு 'பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்' என்று விடை சொல்வது இன்றும் நம் சிற்றூர்களில் கேட்கக் கூடியதே.

விமான நிறுவனங்களும் இதையே செய்கின்றன. பயணச்சீட்டில் தூரம் அச்சிடப்படுவதில்லை. புறப்படும் நேரமும் சேரும் நேரமுமே அச்சிடப்படுகின்றன.

முப்பது யோசனை

சோழநாட்டுக் கடற்கரைக்கும் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் இடையே ஒரு வான்வழிப் பயணத்தைத் தூரக் கணக்கோடு சொல்லும் தமிழ் நூல் ஒன்றுண்டு. அது சாத்தனாரின் மணிமேகலை. புகார் நகரத்து உவவனத்தில் துயின்றிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டு வான்வழியே தென்திசையில் முப்பது யோசனை சென்று மணிபல்லவத்தில் இறக்கியது என்பது கதை. மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பது பலர் கொள்கை, மாறுபட்டோரும் உளர்.

இக்கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கலாம். பூம்புகாரிலிருந்து நயினாதீவு ஏறக்குறைய நேர்தெற்கே உள்ளது. இடைத்தூரம் சுமார் 170 கிலோமீட்டர். யோசனை என்னும் அளவு நூலுக்கு நூல் வேறுபடும். நான்கு மைல் என்று கொள்வாரும் உண்டு, ஒன்பது மைல் என்று கொள்வாரும் உண்டு. நான்கு மைல் எனக் கொண்டால் முப்பது யோசனை 193 கிலோமீட்டர் ஆகிறது. உண்மைத் தூரத்தை நெருங்கி வருகிறது. ஒன்பது மைல் எனக் கொண்டால் 430 கிலோமீட்டரைத் தாண்டி, யாழ்ப்பாணத்தையும் கடந்து இலங்கையின் தென்பகுதிக்கே போய்விடுகிறது. ஆகவே இவ்வெண்ணைக் கொண்டு மணிபல்லவம் எது என்று முடிவு செய்ய இயலாது. எனினும் திசையைத் தெற்கு என்றும் தூரத்தை முப்பது யோசனை என்றும் திட்டமாகச் சொல்லும் அளவுக்கு இக்கடல்வழி அக்காலத்தார்க்குப் பழகியிருந்தது என்று கொள்வது மிகையாகாது.

காப்பியம் தரும் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மகளைக் காணாது கலங்கக் கூடியவர்க்கு அறிவிக்குமாறு சுதமதியிடம் அத்தெய்வம் சொல்லிச் செல்வது, 'ஏழாம் நாள் இந்நகருக்குத் திரும்பி வருவாள்' என்பதே. சென்ற வழியைக் கூறியதோடு மீளும் நாளையும் கூறியே தெய்வம் அகன்றது. மணிமேகலையும் தான் பெற்ற மந்திரத்தின் துணையால் வான்வழியே புகார் மீண்டாள், கையில் அமுதசுரபியோடு. போவதும் மீள்வதும் ஒருங்கே அமைந்தால்தான் அது வழி. போனவர் மீள முடியாதது வழி ஆகாது. பிற்கால வரலாற்றை நோக்குகையில் இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பாய்மரமும் புகைவண்டியும்

19ஆம் நூற்றாண்டிலும் வடஇலங்கைத் துறைகளிலிருந்து நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய துறைகளுக்குப் பாய்மரக் கலங்கள் சென்று வந்தன. நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னை சென்றதும், திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' பட்டம் பெற்றதும் இக்கடலைக் கடந்தே. பின்னர்ச் சிதம்பரத்தில் அவர் பாடசாலை நிறுவியதும் அவ்வழியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தாரே. அவருள் ஒருவராகிய சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பழந்தமிழ் நூற்பதிப்பின் வரலாற்றை எழுதுவோர் இக்கடல்வழியை விட்டுவிட்டு எழுத இயலாது. அப்பயணங்களுக்குக் கால அட்டவணை ஏதுமில்லை, பருவக்காற்றே அட்டவணை. காற்று வாய்த்தால் விரைவு, வாய்க்காவிடின் காத்திருப்பு.

கால அட்டவணை வந்தது புகைவண்டியோடு. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரில் புறப்பட்ட வண்டி தனுஷ்கோடி வரை ஓடிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். தலைமன்னாரில் கொழும்பு வண்டி காத்திருக்கும். 'போட் மெயில்' என்று மக்கள் வழங்கிய அவ்வழியில் கடற்பகுதி முப்பது கிலோமீட்டரை ஒட்டியதே.

ஆனால் அவ்வழி கொழும்பை நோக்கி அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தை நோக்கி அன்று. 1905இலேயே காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. எனினும் யாழ்ப்பாணத்திலிருந்து தலைமன்னார் செல்ல விரும்பியவர் முதலில் தென்கிழக்கே மதவாச்சி வரை இறங்கி, அங்கு வண்டி மாறி, மீண்டும் வடமேற்கே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. வடக்கே இருக்கும் நாட்டுக்குப் போகத் தெற்கே புறப்பட வேண்டிய இந்நிலையை நாம் ஈண்டுக் குறித்துக்கொள்வோம். வழிகள் யாவும் தலைநகரம் சென்றே வெளியேற வேண்டும் என்னும் அமைப்பு அன்றே தொடங்கிவிட்டது.

'சீதாதேவி' பறந்த நாள்

வான்வழியிலும் சென்னைக்கும் இலங்கைக்கும் தொடர்பு முன்னரே ஏற்பட்டிருந்தது. 1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டிவந்தார்; அவ்வஞ்சல் அங்கிருந்து பெல்லாரி வழியே சென்னை வந்து சேர்ந்தது. 1935 நவம்பரில் கொழும்பை அடுத்த ரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானம், சென்னைப் பறத்தல் கழகத்துத் தலைமைப் பயிற்றுநர் ஓட்டிச் சென்ற சிறு விமானமே. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அப்போது விமானத் தளம் இல்லை.

பலாலித் தளம் இரண்டாம் உலகப் போரின் விளைவு. பிரித்தானிய வான்படை தன் தேவைக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, அதை அமைத்தது. போர் முடிந்ததும் படைக்கு அதனால் பயன் குன்றியது; குடிமக்களுக்கு அது பயன்படத் தொடங்கியது.

1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் ரத்மலானையில் புறப்பட்டது. அது சென்ற இடம் சென்னை. இடையில் இறங்கிய இடம் காங்கேசன்துறை என்ற பெயரால் அன்று வழங்கிய பலாலி. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு திங்களுக்கு முன் நிகழ்ந்தது இது. ஒரு நாட்டின் வான்பயணச் சேவை தொடங்கிய முதல் நாளின் முதல் வழியிலேயே யாழ்ப்பாணமும் சென்னையும் இருந்தன என்பது இன்றைய தலைமுறையில் பலர் அறியாத செய்தி.

அவ்விமானம் டகோட்டா வகையைச் சேர்ந்தது. ஏர் சிலோனிடம் அப்போது இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் அரசியர் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. முதற் பயணம் மேற்கொண்டதன் பெயர் 'சீதாதேவி'. இலங்கைக்கு வான்வழியே கொண்டுவரப்பட்டு, புட்பக விமானத்தில் வான்வழியே மீண்டவள் சீதை. பெயர் சூட்டியவர் எதை எண்ணிச் சூட்டினாரோ, அப்பெயர் பொருந்தியே அமைந்தது.

பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீட்டர். டகோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் செல்லக் கூடியது. எனவே வானில் மட்டும் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பின்னர்த் திருச்சிக்கும் பலாலியிலிருந்து விமானங்கள் சென்றுவந்தன. 185 கிலோமீட்டருக்கு டகோட்டாவுக்கே முக்கால் மணி நேரம் போதும். டகோட்டாக்களுக்குப் பின் அவ்ரோ விமானங்கள் வந்தன. கோயில் வழிபாட்டுக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் வணிகத்துக்கும் யாழ்ப்பாணத்தார் இவ்வழியைப் பயன்படுத்தினர். அது செல்வர்க்கு மட்டுமே எட்டிய வழி என்பதும் உண்மை. ஏனையோர்க்கு இருப்புப்பாதையும் இராமேசுவரக் கப்பலும் இருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்பும், இராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பல் 1980களின் முற்பகுதி வரை ஓடிக்கொண்டிருந்தது.

வழி அடைபட்ட காலம்

1978 செப்டம்பர் 7ஆம் நாள், பலாலியிலிருந்து ரத்மலானைக்கு வந்து பயணிகளை இறக்கிவிட்டு நின்ற ஏர் சிலோன் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து அழிந்தது. அவ்வாண்டோடு ஏர் சிலோனும் முடிவுக்கு வந்தது. 1979இல் அதன் இடத்தில் ஏர் லங்கா தோன்றியது. 1983 ஆடிக் கலவரமும் அதைத் தொடர்ந்து மூண்ட போரும் பலாலியை முற்றிலும் படைத்தளமாக மாற்றின. தமிழகத்துக்கான பயணியர் விமானம் கனவாயிற்று, கப்பலும் நின்றது.

அக்காலத்தில் இவ்வான்வெளியில் விமானங்கள் பறக்காமல் இல்லை. 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய வான்படை விமானங்கள் பெங்களூரிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தின் மீது உணவுப்பொருள்களைப் போட்டுச் சென்றன. அவ்வாண்டு ஜூலையில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் இந்திய அமைதிப் படை பலாலியைத் தளமாகக் கொண்டது. 1990 மார்ச்சு வரை இருந்தது. படைவீரர் வந்தனர், காயமுற்றோர் மீண்டனர். குடிமக்கள் செல்ல மட்டும் இருக்கை இல்லை.

குடிமக்கள் படகில் சென்றனர். மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடி மணல்திட்டுகளுக்கு, இரவில், அளவுக்கு மிஞ்சிய சுமையோடு, முப்பது கிலோமீட்டர் கடல். வந்து சேர்ந்தோர் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுத் தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வந்து சேராதோரும் உண்டு. மணிமேகலைக்கு ஏழாம் நாள் என்று மீளும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. இவர்களுக்கு அவ்வாறு ஒரு நாள் குறிக்கப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் தங்கியோர்க்குக் கொழும்பே எட்டாத ஊராயிற்று. 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 ஆகஸ்டு முதல் போர் முடியும் வரையும் ஏ-9 நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. திருகோணமலைக்குக் கப்பல், ரத்மலானைக்கு விமானம் ஆகியவை வழிகளாக இருந்தன. 1998 செப்டம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து ரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்கள் எந்தப் படையையும் சேராத பயணிகளும் விமானப் பணியாளரும் ஆவர்.

நேரத்தைப் பற்றிய இக்கட்டுரையில் மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 1996இல் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கோடு கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணி நேரம், பின்னர் அரை மணி நேரம் என்று மாறி, 2006 ஏப்ரல் வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அரை மணி வேறுபாடு நிலவியது. விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளோ பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே தீவில், சோதனைச் சாவடிக்கு இப்பால் ஒரு மணி, அப்பால் வேறொரு மணி. சோதனைச் சாவடியைக் கடப்போர் தம் கைக்கடிகாரத்தையும் திருத்தி வைக்க வேண்டியிருந்தது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. நேர்வழி உடனே திறக்கவில்லை. மேலும் பத்தாண்டுகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி வர விரும்பிய ஒருவர் முதலில் இரவுப் பேருந்தில் ஏறி, 400 கிலோமீட்டரை ஒட்டிய சாலைவழியைக் கடந்து, கொழும்புப் பக்கம் சென்று, கட்டுநாயக்காவில் மூன்று மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, அங்கிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் பறந்து திருச்சியில் இறங்கினார். 185 கிலோமீட்டர்த் தூரம் 800 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு மணி நேரப் பயணம் ஒரு பகலும் ஓர் இரவுமாக நீண்டது. மதவாச்சி சென்று திரும்பிய பழைய புகைவண்டி வழியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். வடக்கே செல்லத் தெற்கே புறப்படும் விதி நூறாண்டுக்குப் பின்னும் மாறவில்லை.

மீண்டும் திறந்த வழி

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் ஒன்று அங்கு இறங்கியது. நவம்பரில் முறையான சேவை தொடங்கியது. நான்கே திங்களில் கொரோனாப் பெருந்தொற்று வந்து 2020 மார்ச்சில் அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் சென்னை விமானம் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கலாயிற்று. 2025 மார்ச்சு இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. கடல்வழியில் 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. அதற்கு 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம்.

விமானங்கள் யாவும் ஏடிஆர்-72 வகை. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள். இறக்கையில் இரண்டு சுழல்விசிறிகள். பெரிய ஜெட் விமானங்களுக்கு வேண்டிய நீண்ட ஓடுபாதை இதற்கு வேண்டியதில்லை. முழுச் சுமையோடு மேலெழ 1,300 மீட்டர் அளவில் போதும். நீண்டகாலம் படைத்தளமாக இருந்த பலாலியில் முதலில் சீர்செய்யப்பட்ட ஓடுபாதைக்கு ஏற்றதும் இதுவே.

இங்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஏறக்குறைய டகோட்டாவைப்போல் இருமடங்கு வேகம். அவ்வேகத்தில் சென்னை - பலாலித் தூரம் நாற்பத்து மூன்று நிமிடம். திருச்சி - பலாலித் தூரம் இருபத்திரண்டு நிமிடம். ஆனால் அட்டவணையில் சென்னைக்கு ஒன்றேகால் மணிக்குக் குறையாமலும் திருச்சிக்கு ஒரு மணி அளவிலும் காட்டப்படுகிறது. ஏன்?

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேருமிடத்தில் முற்றிலும் நிற்கும் வரை உள்ள நேரமே அது. தரையில் உருண்டு ஓடுபாதைக்குச் செல்வது, முறைக்காகக் காத்திருப்பது, காற்றின் திசைக்கேற்ப எழுந்து வளைந்து தன் வழிக்குத் திரும்புவது, மெல்ல உயர்வது, மெல்ல இறங்குவது, இறங்கும் திசைக்கேற்பச் சுற்றி வருவது ஆகிய இவை யாவும் 185 கிலோமீட்டருக்கும் உண்டு. 2,000 கிலோமீட்டருக்கும் உண்டு. நெடுந்தூரப் பயணத்தில் இவை சிறுபகுதி. குறுந்தூரப் பயணத்தில் இவையே பெரும்பகுதி. விமானம் முழுவேகத்தை எட்டிச் சமநிலையில் பறக்கும் நேரம் மிகச் சிலவே. ஆதலால் எந்திரத்தின் வேகம் இருமடங்கானபோதும் பயண நேரம் பாதியாகவில்லை. 1947இல் சீதாதேவிக்கு ஆன நேரத்துக்கும் இன்றைய விமானத்துக்கு ஆகும் நேரத்துக்கும் வேறுபாடு பெரிதில்லை.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. இவ்வழியின் நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் பொறியியல் அன்று. எழுபதாண்டு விமானப் பொறியியல் சில நிமிடங்களையே குறைத்தது. அரசியலோ ஒரு மணி நேரத்தை ஒரு நாளாக்கியது. முப்பது கிலோமீட்டர்க் கடலை மீளாத பயணமாக்கியது. போக்குவரத்தின் வரலாற்றை எந்திரங்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இதைக் காணத் தவறுவர்.

ஓடுபாதையின் மண்

இவ்வழி வளர வேண்டும் என்பதில் ஐயமில்லை. தமிழக முகாம்களை 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. அவற்றில் பிறந்து வளர்ந்தோருள் பாட்டன் ஊரைப் பார்த்திராதவர் பலர். அவர்க்குப் பலாலி வரை ஒரு மணி நேரம் என்னும் செய்தி பிறர்க்கு இருப்பதைவிடப் பொருளுடையது. ஆனால் பயண ஆவணமும் நுழைவு அனுமதியும் இல்லாதவர்க்கு அந்த ஒரு மணி நேரம் தொடங்குவதேயில்லை. முகாமில் பிறந்த ஒருவர் தம் பிறப்பையும் குடியுரிமையையும் நிறுவும் தாள்களுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதையும் சேர்த்தே அவர் பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

மறுபுறத்தில் பலாலியைச் சுற்றியுள்ள மண்ணின் கதை இருக்கிறது. வலிகாமம் வடக்கு என்னும் அப்பகுதி செம்மண் பூமி. கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த ஊர்கள் அவை. மாவிட்டபுரம் கோயிலும் கீரிமலைக் கேணியும் மயிலிட்டி மீன்பிடித் துறையும் அப்பகுதியிலேயே உள்ளன. பலாலி ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தனர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அம்மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எழுந்தது. போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறை 2017இல் விடுவிக்கப்பட்டது. எல்லா நிலமும் இன்னும் விடுவிக்கப்படவில்லை.

பெரிய விமானம் வர வேண்டுமாயின் ஓடுபாதை நீள வேண்டும். ஓடுபாதை நீள வேண்டுமாயின் நிலம் வேண்டும். அந்நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை காகிதத்தில் உள்ளது. உறுதிப் பத்திரங்களோடு உரியவர்கள் இருக்கிறார்கள். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தவர் பலர். மல்லாகத்திலிருந்து பலாலி சில கிலோமீட்டர்தான். நடந்தே போகக் கூடிய தூரம். பழைய கணக்கில் சில நாழிகைவழி. அதைக் கடக்க அவர்க்கு இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆயின. சிலர் கடக்காமலே மறைந்தனர். இரு நாடுகளுக்கிடையே வழியைக் குறுக்குகிறோம் என்று சொல்லி இச்சிறுவழியை மேலும் நீட்டுவது அறமாகாது. விமான நிலையத்தை வளர்ப்போர் நிலத்துக்குரியவரோடு பேசி, உரிய மாற்று நிலமும் ஈடும் அளித்தே வளர்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே நம் கருத்து.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1947 முதல் 1978 வரை முப்பதாண்டுகள் இவ்வழியில் விமானம் பறந்தது. நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் விமானத்தின் வகையையும் பதிவெண்ணையும் தருகின்றன. அதில் ஏறியவர் என்ன எடுத்துச் சென்றனர், எதற்குச் சென்றனர், பலாலியிலிருந்து வீட்டுக்கு எதில் ஏறிச் சென்றனர் என்பவற்றைத் தருவதில்லை. டகோட்டாவிலும் அவ்ரோவிலும் சென்று வந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்களாக யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் திருச்சியிலும் தொலைநாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடன். ஒரு பழைய பயணச்சீட்டு, கடவுச்சீட்டில் பதிந்த ஒரு முத்திரை, 'நாளைக் காலை விமானத்தில் வருகிறேன்' என்று எழுதிய ஓர் அஞ்சலட்டை ஆகியவை அலமாரிகளில் இன்னும் இருக்கக் கூடும். திருச்சியும் பலாலியும் அண்டை ஊர்களாக வாழ்ந்த காலத்துக்கு அவையே சான்று.